கைப்பிடி இல்லாத கதவு

அந்தக் கறையை அவர் வைக்கவில்லை.

அவர் வைத்தது பொறி மட்டும்தான். வீடு விற்பவர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் அறைகளைப் படம் எடுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். ஆனால் யாராவது போட்டோகிராபர் என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். விசிட்டிங் கார்டில் 'ஒளி ஓவியர்' என்று போட்டிருந்தார். ஓவியத்தை இணையத்தில் ஏற்றிய மறுநாளே எவனாவது சுட்டுவிடுவான். குறுக்கே தன் பெயரைப் பொறித்துப் பார்த்தார். பெயரைத் துடைத்துவிட்டுச் சுட்டார்கள். அதற்குப் பிறகு கண்டுபிடித்ததுதான் இந்தப் பொறி. ஒவ்வொரு படத்திலும் அறைக் கதவின் கைப்பிடியை மட்டும் அழித்துவிடுவார். கதவிலேயே பக்கத்திலிருக்கும் மர ரேகையை எடுத்து ஒட்டி அந்த இடத்தை நிரப்பிவிடுவார். அறையைப் பார்க்கிறவன் கட்டிலைப் பார்ப்பான், ஜன்னலைப் பார்ப்பான். வெளியே போவது எப்படி என்று எவன் பார்க்கிறான்? திருடியவன் மாட்டினால், கைப்பிடியோடு இருக்கும் அசலை எடுத்துக் காட்டி அவன் மானத்தை வாங்கலாம்.

இன்று மதியம், வெளியே மழை பிடித்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு மெத்தைக் கடையின் விளம்பரத்தில் தன் மகளின் அறையைக் கண்டார். போன வாரம் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்ததால் எடுத்துப் போட்ட படம். மஞ்சள் திரை, சின்னக் கட்டில், கைப்பிடி இல்லாத கதவு. எல்லாம் அவருடையது. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் மட்டும், பழுப்பாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை. தன் கோப்பைத் திறந்து பார்த்தார். அங்கே மரம் சுத்தமாக இருந்தது.

மைத்துனன் வக்கீல். போன் போட்டார்.

"மச்சான், இன்னொருத்தன் சுட்டுட்டான்."

"மாமா, போன மாசம் சுட்டவனுக்கே இன்னும் நோட்டீஸ் போகல. எத்தனை எடத்துல இருக்கு?"

"தேடிப் பார்த்தேன். அறுநூத்திப் பன்னெண்டு."

"உங்க கல்யாண ஆல்பத்தைக்கூட இத்தனை பேரு பார்த்ததில்லையே!"

"விளையாடாதே. கதவுல ஏதோ கறை இருக்கு. நான் வைக்கல."

"அப்ப அது வேற படம்னு சொல்லித் தப்பிச்சுடுவான். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நெட்ல எது அதிகமா இருக்கோ அதுதான் அசல்னு ஆயிப்போச்சு. உங்ககிட்ட இருக்கிறது ஒண்ணு. அவனுங்ககிட்ட அறுநூறு."

போனை வைத்துவிட்டு, நகல்களைத் தேதி வாரியாக அடுக்கினார். கணினியின் சூட்டு வாடையும், மூடிய ஜன்னல்களுக்குள் தேங்கிய ஈர மரத்தின் வாடையும் சேர்ந்து மூக்கை அடைக்க, ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிக் கதவின் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் நகல்களில் மரம் சுத்தம். நூறாவதில் லேசான அழுக்கு. முந்நூறில் அது கறையாகியிருந்தது. ஐந்நூறைத் தாண்டியதும் கறைக்குக் கீழே நான்கு கோடுகள் இறங்கின. பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு இடைவெளியில். மெல்லிய கோடுகள். பெரியவர்களின் விரல்கள் அத்தனை நெருக்கமாக இருக்காது.

சுவருக்கு அப்பால் சர்ர், சர்ர் என்று கேட்டது.

அடுத்த அறையில் மகள் இருந்தாள். பள்ளிக்கூடம் விடுமுறை, அம்மா வேலை விஷயமாக வெளியூர். ஒன்பது வயது. வீட்டில் 'வாலு' என்று பெயர்.

"வாலு, சுவத்துல கிறுக்கறியா?"

"ஒளி ஓவியர் நீங்கதானே, நான் எதுக்குக் கிறுக்கறேன்? அப்பா, கதவு திறக்க மாட்டேங்குது."

"கைப்பிடியக் கீழ அழுத்து."

சர்ர் என்ற சத்தம் நின்றது.

"எந்தக் கைப்பிடிப்பா?"

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. நடைக்கு வந்து, மகளின் அறைக் கதவின் வெளிப்பக்கக் கைப்பிடியை அழுத்தினார். அது உள்ளிருந்த இரும்புத் துண்டோடு, பழம் காம்பை விடுவதுபோலக் கையோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் ஓட்டை இல்லை. மரம் இருந்தது. மரத்தில் ஒரு சுழி. அதன் பக்கத்திலேயே அதே சுழி, அதே வளைவு, அதே புள்ளி. எந்த மரத்திலும் இப்படி இரண்டு விழுவதில்லை. போன வாரம், ஒன்றை எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டியவர் அவர்தான். அவசரத்தில் செய்த ஒட்டு.

தோளால் இடித்தார். உதைத்தார். ஸ்டூலைத் தூக்கி அடித்தார். சுவரை அடிப்பதுபோல் இருந்தது. ஸ்டூலின் கால்தான் ஒடிந்தது.

"அப்பா, பயமா இருக்கு."

"இதோ, கண்ணு. ஒரே நிமிஷம். ஜன்னல் பக்கம் போய் நில்லு."

ஜன்னலில் கம்பி. வெளியே நான்கு மாடி ஆழம்.

கணினிக்கு ஓடினார். தன் இணையப் பக்கத்திலிருந்த படத்தை அழித்தார். நகல்களின் எண்ணிக்கை அறுநூற்று நாற்பது. அவற்றில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. கைப்பிடியோடு இருக்கும் அசலை ஏற்றினார். 'அனுமதியின்றி நகலெடுப்பவர் கலையின் கழுத்தை நெரிக்கிறார்' என்று அவரே ஒருகாலத்தில் செதுக்கி வைத்திருந்த வாசகத்துக்குக் கீழே தட்டச்சு செய்தார்: 'இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் பெயர் வேண்டாம். தயவுசெய்து எடுங்கள்.'

காத்திருந்தார்.

ஒருவரும் எடுக்கவில்லை. இலவசம் என்றதும் திருடனுக்குக்கூடச் சந்தேகம் வந்துவிடுகிறது. பழைய படம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அறுநூற்று ஐம்பத்தெட்டு. எழுபது.

"அப்பா?"

போன்.

"மச்சான், இப்பப் போட்டிருக்கேனே, அந்தப் படத்தைச் சுடு."

"என்ன மாமா?"

"சுடுடா! உன் குரூப், உன் கட்சிக்காரங்க, எல்லாருக்கும் அனுப்பு. எல்லாரையும் போடச் சொல்லு!"

"சரி சரி, பதறாதீங்க. உங்களுக்கு என்ன ஆச்சு? அனுப்பறேன், இருங்க."

அவர் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். மறுபக்கத்தில் அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கவேண்டும், மூச்சு கேட்டது. "ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் எண்ணு, வாலு. கதவு திறந்துடும்." அவள் எண்ண ஆரம்பித்தாள். முப்பது. நாற்பது. ஈர மர வாடை. ஐம்பத்திரண்டு. முதுகுக்குப் பின்னால் மரம் லேசாக அசைந்தது. சட்டென்று திரும்பினார். இரட்டைச் சுழிகளில் ஒன்று மங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவே, ஊசிமுனை அளவுக்கு, ஓட்டை. தரையில் கிடந்த கைப்பிடியை எடுத்து அங்கே கொண்டுபோனார்.

போன் அடித்தது.

"மாமா! அள்ளுது மாமா! ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. எங்க சங்கத் தலைவரே போட்டிருக்காரு."

"கதவு வருது, மச்சான். வருது. இன்னும் அனுப்பு."

"எந்தக் கதவு? மொதல்ல ரெண்டு மூணு பேருக்கு அப்படியே அனுப்பிட்டேன். அப்புறம் பார்த்தா, ஓரத்துல கதவு அசிங்கமா நீட்டிக்கிட்டிருந்துச்சு. அதை வெட்டிட்டுத்தான் மத்த எல்லாருக்கும் அனுப்பினேன். ரூமு மட்டும் பளிச்சுனு இருக்கு. அதான் எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு."

அறுபத்தெட்டு என்றாள் மகள். குரல் தூரத்தில் கேட்டது.

கைப்பிடி எதன்மேலோ மோதியது. மரம் இல்லை. சில்லென்று, சொரசொரப்பாக. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுண்ணாம்புப் பூச்சு. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே சுவர். ஒரே நிறம். ஒரு கீறல்கூட இல்லை.

"மாமா? லைன்ல இருக்கீங்களா? ஆயிரத்தைந்நூறு!"

அவர் காதைச் சுவரில் வைத்தார். எண்ணும் குரல் நின்றிருந்தது. ஆழத்தில், முழங்கால் உயரத்தில், சர்ர் என்ற சத்தம் கிளம்பியது. அது ஓர் இடத்தில் நிற்கவில்லை. சுவரோரமாகவே மெதுவாக நகர்ந்து அந்த முனை வரை போனது. அங்கே கொஞ்சம் தயங்கியது. பிறகு திரும்பி, ஒரு இடம் விடாமல் தடவிக்கொண்டு, இந்தப் பக்கமாக வரத் தொடங்கியது.