துறைப்பேச்சு வழக்கு

"இது மொழியே இல்லை" என்று ஒரே வரியில் எழுதி, பிரகாசியின் மனுவை நீதிமன்றத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம்பியின் புகாரைச் சாட்சியாக வைத்து அவள் போட்ட மனு அது. நிலாத் துறைமுகத்தின் காற்றடைப்புக் கதவு பிய்த்துக்கொண்டதில் தம்பி சூசை செத்துப் பதினொரு நாளாகிறது. கதவு கசிகிறது என்று அவன் முந்தின நாளே புகார் கொடுத்திருந்தான். ஆனால் தமிழும் தகாலோக்கும் ஸ்வாஹிலியும் கலந்து சுமைதூக்கிகள் பேசும் துறைப்பேச்சில் கொடுத்திருந்தான். நிலா நீதிமன்றத்தில் செல்லுபடியாவது ஆங்கிலமும் ஸ்பானிஷும் மட்டும்தான். அவைதான் சுத்த மொழிகளாம்.

"சுத்தமாம் சுத்தம்! அது ரெண்டும் எந்த வானத்துலேருந்து குதிச்சிச்சுன்னு கேட்டுருவோம்க்கா" என்று வழக்கறிஞர் ரெக்சலினிடம் பிரகாசி கத்தினாள்.

ரெக்சலின் நீதிமன்றத்துக்குக் காலச்செவியைக் கொண்டுவந்தாள். கல்லில் படிந்த பழைய அதிர்வுகளைக் குரலாக்கித் தரும் பொறி அது. முதலில் இங்கிலாந்துக் கடற்கரைக் கல் ஒன்று பேசியது. படகில் வந்திறங்கிய சாக்சன்களும், சூறையாட வந்து தங்கிவிட்ட வடநாட்டாரும் ஆடு மாட்டுக்குப் பேரம் பேசிப் பேசி இரண்டு பேச்சும் குழம்பிப்போயின. அதன் தலையில் பிரெஞ்சு எசமானர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்தது ஸ்பெயின் நாட்டுப் பாலத்துக் கல். ரோமானியச் சிப்பாய்களின் கொச்சை லத்தீன், பின்னாளில் கால்வாய் வெட்டியவர்களின் அரபு. படித்த ஒருவர் "இதெல்லாம் ஒரு பேச்சா?" என்று காறித் துப்பியதும் தெளிவாகக் கேட்டது. திருப்பி அனுப்பிய மனுவை நீதிபதி மறுபடி கேட்டு வாங்கினார்.

துறைப்பேச்சு மூன்றாவது நீதிமன்ற மொழியானது. புகாரைக் கண்டுகொள்ளாமல் விட்டுச் சூசையைக் கொன்ற துறைமுக நிர்வாகிகள் சிறைக்குப் போனார்கள். அகராதி தொகுப்பதும் மனுக்களைச் சரிபார்ப்பதும் பிரகாசியின் வேலையாயின. தம்பி பேசிய ஒரு சொல்கூட மாறக்கூடாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

ஆறு வருடம் கழித்து, வியட்நாமிலிருந்து புதிதாக வந்த சுமைதூக்கி ஒருத்தி அவள் மேசை முன்னால் மனுவோடு நின்றாள். பாதி துறைப்பேச்சு, பாதி தன் பேச்சு. கையை ஆட்டி ஆட்டி ஏழாம் கதவைக் காட்டினாள்.

"ஏட்டி, என்ன பேச்சு இது? எந்தம்பி பேசுனத இப்படியா கொலை பண்ணுவ? ஒழுங்கா படிச்சிட்டு வா!"

கொஞ்சமாவது நெஞ்சு உறுத்த வேண்டாமா? உறுத்தவில்லை. "இது மொழியே இல்லை" என்று மனுவில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்தாள்.

அது ஆறும் முன்பே ஏழாம் கதவின் அபாயமணி அடித்தது.