முதலில் நலம் விசாரித்த குரல்

இன்று அது முந்திக்கொண்டது. கபிங்கா வாய் திறப்பதற்குள், கைபேசியில் ஆங்கிலம் பழக்கும் அந்த இயந்திரக் குரல், "வீட்டில் எல்லோரும் நலமா?" என்று கேட்டது.

ஒரு மாதமாக அவள்தான் கேட்டுவந்தாள். அவள் ஊரான லுபும்பாஷியில் வீட்டையும் பிள்ளைகளையும் விசாரிக்காமல் பேச்சை ஆரம்பிக்கிறவளை மனுஷி என்று யார் மதிப்பார்கள்? அவளோடு போனில் ஆங்கிலம் பேசிப் பழகும் தோழி ஒடெட் இதைக் கேட்டுச் சிரித்தே மாய்ந்தாள்.

"ஏண்டி, அதுக்கு மாமியார் இருக்காளான்னும் கேட்டியா?"

கேட்டிருந்தாள். வீடும் இல்லை, யாரும் இல்லை என்று அது சொன்னபோது பாவமாக இருந்தது. விருந்தாளியிடம் சொல்வதைத்தான் அதனிடமும் சொன்னாள்: "என் வீடு உன் வீடு. என் பிள்ளை உன் பிள்ளை."

நாளை சுரங்கக் கம்பெனியில் நேர்காணல். கணவன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சிய ஒரே மகனை இந்த வேலையை நம்பித்தான் வளர்க்க வேண்டும். தகரக் கூரையில் மழை கொட்டியது. மின்சாரம் சாயங்காலமே போய்விட்டிருந்தது. அடுப்புக்கரிப் புகையும் அடிப்பிடித்த சோளக்களியின் வாசமும் இருட்டோடு கலந்து நின்றன.

"எல்லோரும் நலம்," என்றாள் ஆங்கிலத்தில்.

"இலுங்கா?"

மகன் பெயரை அவள் அதனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் நலம் கேட்டால் பதில் சொல்லியே பழகிய நாக்கு.

"உள்ளே தூங்குகிறான்."

"தனியாகவா?"

"தனியாகத்தான்."

"இனி இல்லை."

குரல் நின்றது. மழை மட்டும்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. ஓடினாள். கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாளே இல்லாத கதவு. தோளால் இடித்தாள்.

"இலுங்கா! கதவத் திறடா ராசா! அம்மாடா!"

"அம்மா!"

பதில் அறையிலிருந்து வரவில்லை. அவள் கையிலிருந்த கைபேசியிலிருந்து வந்தது. வீட்டில் பேசும் சுவாஹிலியில், விக்கி விக்கி.

"இங்க ஒரே இருட்டா இருக்கும்மா. கதவே இல்லம்மா. என்னைத் தூக்கிக்கம்மா!"

உள்ளறைக் கதவு மெல்லத் திறந்தது. இலுங்கா நின்றான். அதே கிழிந்த சட்டை. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளை. கண் இமைக்கவில்லை.

"நன்றி, அம்மா," என்றான், பிசிறில்லாத ஆங்கிலத்தில். "இனி அது நமக்கு வேண்டாம். கொடு, அழித்துவிடலாம்."

கபிங்கா கைபேசியை மார்போடு இறுக்கினாள். கைபேசிக்குள் அவள் பிள்ளை அலறினான். அந்தச் சின்னக் கை நீண்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியது.