மூன்றாவது படுக்கை

காலை 10.10.

மடேரென்று ஏதோ விழுந்து உடைந்தது. கூடவே ஒரு பெண்ணின் அலறல்.

யாங்கோனின் தாகேதா பகுதியில் அந்தச் சந்துக்கு மின்சாரம் வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. மறுபடி போவதற்குள் வெல்டிங்கை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்த பீர் முகைதீன், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். அலறியது அடுத்த வீட்டு நீலாம்பாள். அவர் பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் அவளே ஓடி வந்துவிட்டாள். கட்டியிருந்த லுங்கியெல்லாம் குழம்பு. கையில் செல்போன்.

“அண்ணே, லதா பேசுனா!”

“மருமகதானே? நல்ல சேதிதானே?”

“‘அத்தை, சுமதிய அனுப்பா...’ன்னா. அதோட கட்டாயிருச்சு. நல்லா இருக்கறவ குரலு இல்லண்ணே அது.”

பின்னாலேயே அவள் மகள் சுமதி வந்தாள். இருபத்து மூன்று வயது. ஒரு கன்னத்தில் மட்டும் தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசியிருந்தாள். மறு கன்னத்துக்கு நேரம் கிடைக்கவில்லை போலும்.

“அம்மா சட்டியப் போட்டு ஒடச்சிட்டு ஊரக் கூட்டுது மாமா. அண்ணி கைதவறி அமுக்கிட்டாங்களாம். அண்ணனே அடுத்த நிமிஷம் எழுதிட்டாரு.”

பீர் முகைதீனுக்கு அறுபத்து மூன்று வயது. பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுவது தொழில். அந்த வட்டாரத்தில் சைக்கிள் காணாமல் போனாலும் ஜெனரேட்டர் காணாமல் போனாலும் சனங்கள் முதலில் வருவது அவரிடம்தான். போலீசிடம் போனால் இருப்பதும் போய்விடும் என்பது ஒரு காரணம். அவர் கண் மற்றவர்கள் விட்டதைப் பிடிக்கும் என்பது இன்னொன்று.

நீலாம்பாளின் கதை அவருக்குத் தெரியாததல்ல. புருஷன் இல்லை. மகன் பாலா ஆறு வருடம் இதே பட்டறையில் அவரிடம் வேலை செய்தவன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் பெயர் வந்துவிடும் என்று பயந்து, எட்டு மாதத்துக்கு முன்பு பெண்டாட்டி புஷ்பலதாவோடு கனடா கிளம்பினான். ஏஜெண்ட் மோகன் ஏற்பாடு. இன்று மாலை நான்கு மணிக்கு அதே மோகன் காரோடு வருகிறான், சுமதியை மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு அழைத்துப் போக.

“பாலா அங்க என்ன வேலை பாக்குறான்?”

“டிரெய்லர் செய்யிற பட்டறையில” என்றாள் சுமதி. “காருக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போறாங்களே, வீடு மாதிரி, அது. அண்ணன் செஞ்ச ஒண்ணையே முதலாளி குடுத்து, ரெண்டு பேரும் ஊரச் சுத்திட்டு வாங்கன்னு அனுப்பியிருக்காரு. வான்கூவர்ல கெளம்பி, பனிமலையெல்லாம் தாண்டி, இப்ப கோதுமை வயலுக்குள்ள போறாங்க. உள்ளேயே அடுப்பு, மூணு படுக்கை. மூணாவது எனக்காம்.”

“போன்ல பேசுவானா?”

“மாட்டாரு. எழுத்துத்தான். போற எடத்துல சிக்னல் இல்லயாம்.”

“படம்?”

சுமதி அம்மாவைப் பார்த்தாள். நீலாம்பாள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“படத்த ஒங்கிட்ட மட்டும் காட்ட வேணாம்னு எழுதியிருக்கான்ணே. கண்ணு பட்டுருமாம். தப்பா எடுத்துக்காத.”

பீர் முகைதீன் சிரிக்க முயன்றார். ஆறு வருடம் சோறு போட்ட கைக்கு இது நல்ல மரியாதைதான்.

“படம் எப்ப வந்துச்சு?”

“ஞாயித்துக்கெழம.”

“காட்டாதன்னு எழுதுனது?”

“மறுநா காலையில.”

“என் கண்ணு பட்டா பட்டுட்டுப் போகுது. குடு.”

10.35.

படத்தில் ஏரி. அதற்குப் பின்னால் பனிமலை. ஏரிக்கரைச் சாலையில் ஒரு கார், அதன் பின்னால் வெள்ளை டிரெய்லர். திறந்த கதவின் முன் பாலாவும் லதாவும் தோளோடு தோள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பீர் முகைதீன் படத்தைப் பெரிதாக்கினார். பாலாவைப் பார்க்கவில்லை, லதாவைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்தார்.

“சுமதி, கனடாவுல வண்டி ரோட்டுல எந்தப் பக்கம் ஓடும்?”

“நம்ம யாங்கோன் மாதிரி வலப்பக்கந்தான். போறதுக்கு முன்னாடி அண்ணன் இங்க வந்து அதச் சொல்லித்தானே குதிச்சாரு?”

“குதிச்சான். எனக்கும் ஞாபகம் இருக்கு. இப்ப இந்த வண்டிக்குள்ள நீ முன்னால பாத்து ஒக்காந்திருக்கன்னு வச்சுக்க. இந்தக் கதவு ஒனக்கு எந்தக் கைப்பக்கம்?”

சுமதி படத்தில் கார் பார்த்திருந்த திசைக்கு உடம்பைத் திருப்பி நின்றாள். கொஞ்சம் யோசித்து இடது கையைத் தூக்கினாள்.

“அந்தக் கதவத் தொறந்து எறங்குனா எங்க நிப்ப?”

“நடு... நடு ரோட்டுல.”

“ஜப்பான்லேருந்து வந்த பழைய பஸ்ஸெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு. எறங்குன சனம் பின்னால வந்த லாரியில விழுந்துச்சு. அதுக்குத்தான் நானும் ஒங்க அண்ணனும் இடப்பக்கத்த அடச்சு, வலப்பக்கம் கதவு வெட்டுனோம். எத்தன பஸ்ஸுன்னு எனக்கே கணக்கில்ல.”

“படத்தத் திருப்பிப் போட்டிருக்கலாமே மாமா? கண்ணாடியில தெரியிற மாதிரி?”

கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டார். “டிரெய்லர் மேல என்னமோ எழுதியிருக்கே, படி.”

அவள் தடையில்லாமல் படித்தாள். எழுத்து நேராகத்தான் இருந்தது. படித்து முடித்தவளின் முகம் மெல்ல மாறியது.

“இது இடப்பக்கம் ஓட்டுற நாட்டுக்காகச் செஞ்ச வண்டி. பாலா செஞ்சதில்ல. யாரோ எங்கேயோ எடுத்த படத்துல மூஞ்சிய ஒட்டியிருக்காங்க. நீலா, மனசத் தெடப்படுத்திக்க. ஒம் மகன் கனடாவுல இல்ல.”

நீலாம்பாள் அழவில்லை. அங்கிருந்த பழைய பஸ் சீட்டில் உட்கார்ந்து, லுங்கியில் காய்ந்துபோன குழம்பை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தாள்.

மாலை 4.05.

மோகன் வெள்ளைக் காரில் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை. பட்டறைக்குள் அவன் கால் வைத்ததும் பின்னால் ஷட்டர் இறங்கியது. அவன் கையிலிருந்த கார் சாவி பீர் முகைதீனின் சட்டைப்பைக்குள் போனது.

“என்ன பாய், பஸ்ஸுக்குக் கதவு வெட்டுறத விட்டுட்டு போலீஸ் வேலை பாக்குறீங்களா?”

“போலீஸா இருந்தா ஒனக்கு டீ வாங்கிக் குடுத்திருப்பேன். ஒக்காரு. பாலா எங்க?”

“கனடாவுல.”

“எங்க?”

“அதான் சொன்னேனே...”

பீர் முகைதீன் படத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, கதவைத் தொட்டுக் காட்டி, இரண்டே வாக்கியத்தில் சொன்னார். மோகன் ஷட்டரைப் பார்த்தான். பூட்டைப் பார்த்தான்.

“நான் பாங்காக் வரைக்குந்தான் பாய். அங்க வேற ஆளு வந்து கூட்டிட்டுப் போவான்.”

“எங்க?”

“எல்லைக்கு.”

“எல்லையில என்ன இருக்கு?”

“கட்டடம். சுத்தி கம்பி வேலி. உள்ள கம்ப்யூட்டர். வெளிநாட்டுக்காரங்ககிட்ட இனிக்க இனிக்கப் பேசி ஏமாத்துற வேலை. வேலைக்குப் போறாங்கன்னுதான் நானும்...”

அப்படிப்பட்ட கட்டடங்களைப் பற்றி யாங்கோனில் கேள்விப்படாதவர்கள் யாருமில்லை. உள்ளே போனவர்கள் தாமாக வெளியே வந்த கதையைத்தான் யாரும் கேள்விப்பட்டதில்லை.

நீலாம்பாள் எழுந்து வந்து அவனை அறைந்தாள். “எம் புள்ள போனைப் புடுங்கி வச்சுக்கிட்டு, அவன் மாதிரியே எழுதி, எம் பொண்ணையும் கூப்பிட்டியாடா பாவி?”

“சத்தியமா நான் எழுதலக்கா! இந்தத் தடவ நான் ஆளே தேடல. சுமதி பேரு அங்கேருந்துதான் வந்துச்சு.”

“பொய்!”

“பொய் இல்ல நீலா” என்றார் பீர் முகைதீன். “இந்த ஒண்ணு மட்டும் பொய் இல்ல.”

நல்லவேளை மின்சாரம் போய்விட்டது. ஒருவர் முகம் மற்றவருக்குச் சரியாகத் தெரியவில்லை. படத்தைப் பார்த்த நிமிடத்திலிருந்தே அவர் நெஞ்சில் ஒரு சந்தேகம் முள்ளாக நின்றது. மோகன் வரட்டும், அவன்தான் எழுதினான் என்று ஆகிவிடட்டும் என்று ஐந்து மணி நேரமாகக் காத்திருந்தார். அது நடக்கவில்லை. இனி சொல்லித்தான் ஆக வேண்டும்.

“படம் ஞாயித்துக்கெழம வந்துச்சு. மறுநா சேதி என்ன? ஊருக்கெல்லாம் காட்டு, பீர் முகைதீனுக்கு மட்டும் காட்டாத. ஏன் எனக்கு மட்டும்? எங்கிட்ட என்ன இருக்கு? காசா, அதிகாரமா? பஸ் கதவ வெட்டுன கண்ணு, அது ஒண்ணுதான் இருக்கு. இந்தப் படத்துல நான் எதப் பாத்துருவேன்னு மோகனுக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்துக்காரனுக்கு நான் யாருன்னே தெரியாது. அனுப்புனதுக்கு அப்புறம் கதவு எந்தப் பக்கம்னு கவனிச்சு, ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்து, விடிஞ்சதும் அப்படி எழுதணும்னா, அவன் எங்கூட நின்னு கதவு வெட்டுனவனா இருக்கணும்.”

“அண்ணே, வேணாம்...”

“எழுதுறது பாலாதான். தங்கச்சியக் கூப்பிடுறதும் அவன்தான். அதத் தடுக்கத்தான் லதா இன்னிக்கு யாருக்கும் தெரியாம போனைத் தொட்டிருக்கா.”

சுமதி சத்தம் போட்டாள். “எங்க அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாரு! வேணும்னா இப்பவே கேளுங்க!”

பீர் முகைதீன் தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினார். ‘கதவு இடப்பக்கம் இருக்குடா. நான் பாத்துட்டேன். பீர் மாமா.’

4.41. அனுப்பினார்.

4.43. படித்துவிட்டதற்கான அடையாளம் வந்தது.

பதில் வரவில்லை. மோகன் தலையைக் குனிந்துகொண்டான். சுமதி கையிலிருந்த பாஸ்போர்ட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கனடாவுமில்லை, மலையுமில்லை, சரி. அண்ணனாவது அண்ணனாக இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொள்வது அவருக்குக் கேட்பது போலிருந்தது.

4.52. போன் அடித்தது.

நீலாம்பாள் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். “பாலா! எப்பா! நீ எழுதலதானே? யாரோ ஒம் பேருல எழுதுறாங்கன்னு மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லுப்பா!”

மறுமுனையில் நிறையப் பேர் தாழ்ந்த குரலில் பேசும் இரைச்சல். யாரோ அதட்டினார்கள். பிறகு மிக அருகில் ஒரு மூச்சு.

“லதா முழுகாம இருக்காம்மா, சுமதி உள்ள வந்தா இவள வெளிய விட்டுர்றோம்னு சொல்லிட்டாங்க... வண்டி கெளம்பிருச்சா?”