பிரிட்டாவின் படகை அறுத்தது யார்?

"மேடம், என் படகை யாரோ அறுத்துட்டாங்க!"

பாடத்திட்ட இயக்குநர் மார்கிட் ஓஸ்ட்பி காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். வாசலில் பன்னிரண்டாம் வகுப்பு பிரிட்டா, அழுது சிவந்த கண்களோடு நின்றாள். எங்கள் மின்னசோட்டா ஊரில் பள்ளி வாரியம் ஒரு புது விதி போட்டிருந்தது. தச்சு வகுப்பில் தேறி, தன் கையால் ஒரு பொருளைச் செய்து காட்டினால்தான் பள்ளி முடித்த டிப்ளமோ. பிரிட்டாவின் மரப்படகு மறுநாள் காலை இரண்டு பேரைச் சுமந்து ஏரியைக் கடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்டமளிப்பு மேடையில் அவளுக்கு இடமில்லை.

"இவ கூடப் படிக்கற ட்ரென்ட்தான் மேடம்!" என்று துள்ளினான் உதவியாளன் டெக்ஸ். "அவன் செஞ்ச மேசையை ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ஊரே இவ படகைத்தான் பேசுது. வயிறு எரியாதா?"

"எரியும். வா, பாப்போம்."

தச்சுக்கூடத்தின் பூட்டு உடையவில்லை. படகின் அடியில் ஒரு முழத்துக்கு வெட்டு. ரம்பம் மட்டும் சமர்த்தாகத் தன் ஆணியில், பற்களை வெளியே காட்டியபடி தொங்கியது. மார்கிட் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

வரவழைக்கப்பட்ட ட்ரென்ட் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "பொறாமைதான், ஒத்துக்கறேன். ஆனா நான் தொடல."

சத்தம் கேட்டு லத்தீன் ஆசிரியர் வெண்டல் க்ரோவ் வாசலில் வந்து நின்றார். "என்னை ஏன் பாக்கறீங்க? சாவி எல்லா ஆசிரியர்கிட்டயும்தான் இருக்கு. நான் இதுக்குள்ள காலே வெச்சதில்ல. நீங்க நடத்தின பயிற்சிக்குக்கூட வரல."

"ஞாபகம் இருக்கு," என்றார் மார்கிட். "டெக்ஸ், இங்க முதல் பாடம் என்ன?"

"ரம்பத்தோட பல்லு சுவரைப் பாக்கணும். இல்லன்னா கையைக் கிழிச்சுடும்."

"பசங்க எல்லாரும் அதுல தேறியாச்சு. ஆசிரியர்களுக்கும் அதே பயிற்சி குடுத்தேன், ஒருத்தரைத் தவிர எல்லாரும் வந்தாங்க. இப்ப அவங்க கை தானா அப்படித்தான் மாட்டும்."

"ட்ரென்ட் வேணும்னே மாத்தி மாட்டியிருந்தா?"

"பசங்ககிட்ட ஏதுப்பா சாவி? சாவியும் இருக்கணும், பழக்கமும் இருக்கக் கூடாது. அப்படி இருக்கறது ஒரே ஆள்தான். இல்லையா வெண்டல்?"

க்ரோவின் முகம் வெளுத்தது. பிறகு வெடித்தார். "ஆமா, நான்தான்! கட்டாயப் பாடமா இருந்த லத்தீனைத் தூக்கிட்டு இந்த மரத்தூளைக் கொண்டுவந்தீங்க. அதுகூடப் போகட்டும். என் வகுப்பிலேயே கெட்டிக்காரியா இருந்தவ இவ. இங்க சிரிச்சுக்கிட்டே இழைப்புளி தள்றதைத் தினம் ஜன்னல்ல பாத்தேன். என்கிட்ட ஒருநாளாவது அப்படிச் சிரிச்சிருப்பாளா? தாங்க முடியல."

"நான் உங்களை விட்டுட்டு வரல சார்," என்றாள் பிரிட்டா. "ரெண்டு வகுப்பையும் ஒரே நேரத்துல போட்டுட்டாங்க."

"போட்டது நான்தான்," என்றார் மார்கிட். "அது என் தப்பு. ஆனா வெண்டல், உங்க விஷயம் வாரியத்துக்குப் போகும். பிரிட்டா, உனக்காகவும் விதியை வளைக்க முடியாதும்மா. நாளைக்குப் படகு மிதக்கணும்."

"மிதக்கும் மேடம். இன்னிக்கே ஒட்டிடுவேன். ஆனா ரெண்டாவது ஆளா க்ரோவ் சார்தான் உக்காரணும்."

"ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதும்மா!"

"அது எனக்குத் தெரியும் சார். அதனாலதான் நல்லா ஒட்டப் போறேன்."