மூன்றாவது பல்பு

மனித நாகரிகத்தின் பேரழிவுகள் எல்லாமே ஒரு வெடிச்சத்தத்தில்தான் தொடங்கியிருக்கின்றன!

இதுவும் அப்படித்தான்.

டமார்...!

மொராவா நதிக்கரை. தெசாங்காவின் சாராயக்கடை. ஞாயிறு மாலை நாலரை.

முப்பது பேர் மேஜைக்கடியில் பாய்ந்தார்கள். முதலில் பாய்ந்தவர் ஊர் போலீஸ் கமாண்டர் ராதிவோய்.

"சுட்டுட்டான்! ஐயோ... ரத்தம்!"

"அது பீன்ஸ் சூப்பு ஐயா," என்றாள் தெசாங்கா. "வெடிச்சது டிவி பல்பு."

பீரோ மாதிரி பெரிய ப்ரொஜெக்‌ஷன் டிவி. திரை இருண்டு கிடந்தது. ஆறு மணிக்கு இறுதி ஆட்டம்!

கமாண்டர் எழுந்தார். ஆகஸ்ட் வெயிலிலும் கழுத்தில் கம்பளி மஃப்ளர். அதைச் சரிசெய்தார். வீரமும் திரும்பியது.

"ஒரே மாசத்துல மூணாவது பல்பு! அந்த மெக்கானிக் பழைய பல்பைத் தள்ளி விடறான். கூப்பிடு அவனை!"

மெக்கானிக் வுகாஷின் வந்தான். வந்ததும் பிளக்கைப் பிடுங்கினான்.

"இனி ஒரு மணி நேரம் யாரும் தொடாதீங்க. சூடு ஆறணும்."

"ஆறணுமா... ஆதாரம் அழியணுமா?"

"தொட்டுப் பாருங்களேன் ஐயா. விரல்ல கொப்புளமே ஆதாரமா வரும்."

யாரோ கனைத்துச் சிரித்தார்கள். கமாண்டரின் மீசை துடித்தது.

"இந்தப் பல்பும் போலின்னு தெரியட்டும்... இன்னிக்கே உன் கடைக்கு சீல்! நீ உள்ள!"

வுகாஷின் டிவி பக்கம் திரும்பினான். அவனுக்கு இருந்த ஒரே கடை அது.

"உடைஞ்ச பல்புல பாதரசம் இருக்கு. எல்லா ஜன்னலையும் திறங்க!"

"எல்லாமா...?" கமாண்டர் அலறினார். "காத்து குறுக்க அடிக்கும்டா! கழுத்து பிடிச்சுக்கும்! வாய் கோணிடும்! கொலைகாரா!"

போரைப் பார்த்த கிழவர்கள்கூடக் கழுத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

ஐந்தே முக்கால்.

வுகாஷின் கையுறை மாட்டினான். பின்மூடியைக் கழற்றினான்.

"கையுறையா...!" ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார் கமாண்டர். "கைரேகை படாம இருக்கத்தானே?"

"ஆமா ஐயா!"

"ஒத்துக்கிட்டான்! எல்லாரும் சாட்சி!"

"என் கைரேகை பல்பு கண்ணாடியில பட்டா, அந்த எண்ணெய்ப் பிசுக்குல அடுத்ததும் வெடிக்கும்."

சில்லுகளைத் துடைத்தெடுத்தான். புதுப் பல்பை அதன் சட்டத்தைப் பிடித்துச் சொருகினான். திருகினான். மூடியைப் பொருத்தினான். பிறகு டிவியின் பக்கவாட்டில் கையை விட்டான்...

அவன் முகம் மாறியது.

"எல்லாரும் உள்ள வாங்க!"

டிவியைக் குளிர்விக்கும் விசிறியின் துவாரத்திலிருந்து எதையோ உருவினான். கருப்புக் கம்பளி சாக்ஸ். ஒன்றே ஒன்று!

"சூட்டுக்காத்து வெளிய போற வழியை அடைச்சிருக்காங்க. பல்பு வெந்து வெடிச்சிருக்கு. போன ரெண்டு தடவை நான் வரும்போது இது இல்ல... யாரோ வைக்கறாங்க. வீட்டுக்குப் போறப்ப எடுத்துடறாங்க. இன்னிக்குப் பயத்துல மறந்துட்டாங்க!"

"ச... சதி!" கமாண்டருக்கு வியர்த்தது. "குற்றவாளி தப்பிச்சிருப்பான்! தெருவைத் தேடுங்க!"

"தெரு எதுக்கு?" தெசாங்கா கதவைச் சாத்தினாள். "எல்லாரும் பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல தூக்குங்கப்பா."

இருபத்தொன்பது பேர் தூக்கினார்கள்.

"ஐயா... அந்த விசிறிக்குப் பக்கத்து நாற்காலி யாரோடது?" என்றாள் தெசாங்கா.

கமாண்டர் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தார்.

"கழுத்துல காத்து அடிச்சுதும்மா..." என்றார் கமாண்டர். பூனைக்குட்டிக் குரல்.

ஆறு மணி. பிளக் ஏறியது. திரை பளிச்சென்று விழித்தது. கடை அதிர ஒரு கூச்சல்!

அன்று அந்தக் கடையில் இரண்டு புதுப் பல்புகள். ஒன்றை டிவி வாங்கியது. இன்னொன்றைக் கமாண்டர்.

வுகாஷின் சாக்ஸைச் சட்டப்படி உரியவரிடம் ஒப்படைத்தான்.

கட்டைவிரல் பக்கம் அதில் ஒரு ஓட்டை இருந்தது.