ஆவி காட்டிய தொப்பி

தொப்பியின் உள்ளே சூடு இருந்தது.

வெயிலின் சூடு என்றுதான் ரெங்கராஜ் முதலில் நினைத்தான். சித்திரை மாதம், அரிமளம் போகும் சாலை, பகல் பதினொரு மணி, கூண்டு வைத்த ஜட்கா வண்டி. மடியில் எதை வைத்தாலும் சுடத்தான் செய்யும். ஆனால் தொப்பியைச் சுற்றியிருந்த தினசரித்தாள் சில்லென்று இருந்தது. தாளை விலக்கி உள்ளே கைவிட்டால், நெற்றியைத் தொடும் அந்தத் தோல் பட்டையில் மட்டும், யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு. கொஞ்சம் ஈரமும். விரலை மோந்து பார்த்தான். மரிக்கொழுந்துத் தைலம். அவசரமாக வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அந்தத் தைலம் தேய்த்த தலை கல்லுக்குழித் தண்ணீருக்கு அடியில் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. போகச் செய்தவன் ரெங்கராஜ்தான்.

ஆத்மநாதன் ரங்கூனிலிருந்து திரும்பி வந்து, திருமயம் வழியாக ஒரே ஒரு பஸ் விட்டவர். ரெங்கராஜ் அதன் டிரைவர். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போய், பஸ்ஸின் முதுகில் கரிவாயு கொடுக்கும் அடுப்பு ஏறியிருந்தது. அது என்றைக்குப் பற்றும், என்றைக்குப் பற்றாது என்று பகவானுக்கே தெரியாது. ஒருநாள் திருமயத்தில் வண்டி கிளம்பவில்லை. ஆத்மநாதன் தன் ஃபெல்ட் தொப்பியைக் கழற்றி, பயணிகள் எல்லாரும் பார்க்க, ரெங்கராஜின் கன்னத்தில் நாலு தடவை அடித்தார். கம்பளித் தொப்பி எங்கே வலிக்கப் போகிறது? ஆனால் பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பு வலித்தது.

மூன்றாம் நாள், பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்புகையில், ஆளில்லாத பொட்டலில் வண்டி நின்றது. பானெட்டைத் திறந்து ஆத்மநாதன் குனிந்து பார்த்தார். இன்ஜினைச் சுழற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில் ரெங்கராஜின் கையில் இருந்தது. ஒரே அடி. ஒரே அடியில் முடிந்துவிட்டது, மனுசனுக்கு வலியே தெரிந்திருக்காது என்று தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தினமும் ஏன் சொல்ல வேண்டியிருந்தது என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

முதலாளி சாமான் வாங்க மதராஸ் போயிருக்கிறார் என்று ஊரை நம்பவைத்தான். தொப்பியோடு சேர்த்துக் கல்லைக் கட்டித்தான் தள்ளியிருந்தான். அதே தொப்பியைப் போன வாரம் குழிக்கரையில் ஆடு மேய்த்தவர் எடுத்துவந்து, ஆத்மநாதனின் மனைவி பிரகதாம்பாளிடம் கொடுத்துவிட்டார். எப்படி மேலே வந்தது? அதை நினைத்தால் ரெங்கராஜுக்குத் தூக்கம் போய்விடும்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். தொப்பியில் அடிபட்ட அடையாளம் இருந்தால் கல்லுக்குழியை இறைத்துப் பார்ப்பாராம். கசங்கிக் கிடந்த தொப்பியில் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இடது காதுக்கு மேலே ஓடிய அந்த ஒரு பள்ளம் ரெங்கராஜின் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

நல்லவேளையாக பிரகதாம்பாளே அவனைக் கூப்பிட்டாள். "ரெங்கராஜு, பெரிய ஆபீசர் முன்னாடி இந்தக் கோலத்துலயா வைக்கிறது? எங்கயாச்சும் குடுத்துச் சரி பண்ணிக்கிட்டு வாங்க. அவுக வந்தாலும் மொதல்ல தொப்பியத்தான் கேப்பாக."

"நான் பாத்துக்கிறேன் ஆத்தா," என்றான். குரல் நடுங்கவில்லை. அவனுக்கே பெருமையாக இருந்தது.

புதுக்கோட்டையில் இரண்டு தையல்காரர்கள் கையை விரித்தார்கள். மூன்றாமவர்தான் செபமாலையின் பேரைச் சொன்னார். திருச்சியில் வெள்ளைக்காரத் துரைகளுக்கே தொப்பி செய்தவராம். இப்போது அரிமளத்தில் இருக்கிறாராம்.

செபமாலை வீட்டு முன்னறையில் பலகை முழுக்கத் தலைகள். மரத் தலைகள். கண்ணும் மூக்கும் இல்லாமல், ஒவ்வொன்றின் அடியிலும் சாக்கட்டியால் ஒரு பேர். கரி அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. அரக்கு நாற்றம், நனைந்த கம்பளி நாற்றம், மூக்கின் அடியில் ஒட்டிக்கொள்கிற பழைய வியர்வை நாற்றம். காற்றுப் புகுந்தால் வேலை கெட்டுவிடும் என்று செபமாலை கதவையும் சன்னலையும் சாத்தினார். நடுப்பகல் வெளியிலேயே நின்றுவிட்டது. அவருடைய கைகள் ஓயாமல் நடுங்கின. தொப்பியைத் தொட்டதும் நடுக்கம் நின்றது.

"யாரு தொப்பிங்க?"

பேரைச் சொன்னால் வம்பு. "என்னுதுதான்."

"சூடா இருக்கே. இப்பத்தான் கழட்டுனீங்களா?"

ரெங்கராஜ் தினசரித்தாளை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"ஆவி காட்டிருவோம்."

"எ... எதை?"

"ஆவிங்க. கெண்டித் தண்ணி ஆவி. வேற எதைக் காட்டப் போறேன்?" செபமாலை சிரித்தார். "கம்பளி எதையும் மறக்காதுங்க. பட்டதையெல்லாம் உள்ளயே வச்சுக்கிட்டிருக்கும். ஆவி காட்டுனா அம்புட்டையும் வெளியில சொல்லிரும். அப்புறம்தான் நீவி எடுக்கணும்."

கெண்டி மூக்கிலிருந்து வெள்ளையாகக் கிளம்பிய ஆவிக்குள் தொப்பி இறங்கியது. கம்பளி ஊறி, உப்பி, மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது. மரிக்கொழுந்து வாசனை அறையை நிறைத்தது. கசங்கல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக விலகின. பள்ளம் போகவில்லை. ஆழமானது.

"இந்தா இருக்கு ஒண்ணு," என்றார் செபமாலை. "இங்கிட்டு இன்னொண்ணு."

"ஒண்ணுதான்!" ரெங்கராஜ் கத்திவிட்டான்.

"பாருங்க. மூணு. அங்கிட்டு நாலு, அஞ்சு." தொப்பியைத் திருப்பினார். "ஏழுங்க. இதென்ன, சின்னச் சின்னதா? வெரலு. நாலு வெரல். தொப்பிய அமுக்கிப் பிடிச்சிருக்கீங்க. பிடிச்ச வெரலுக்கு மேலயே ரெண்டாவது விழுந்திருக்கே."

நிமிர்ந்து ரெங்கராஜின் கையைப் பார்த்தார். பத்து விரலும் முழுசாக இருந்தன.

"ஜட்கா கவுந்துருச்சு," என்றான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. முதல் அடியில் ஆத்மநாதன் சாகவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்தார். தொப்பியைத் தலையோடு பிடித்துக்கொண்டார். அடித்தது யார் என்று அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை. "ரெங்கராஜு, பானெட் விழுந்துருச்சுடா. தூக்கு... தூக்கு," என்றார். அவனைத்தான் உதவிக்குக் கூப்பிட்டார். அவன் ஹேண்டிலைத் தூக்கினான். விரல்கள் நொறுங்கின. பிறகும் நிறுத்தவில்லை. வாயிலிருந்து அந்தச் சொல் நிற்கும் வரைக்கும் நிறுத்தவில்லை.

செபமாலை குனிந்து அடுப்பை விசிறினார். நரைத்த பிடரி. பக்கத்துப் பலகையில் இஸ்திரிப் பெட்டி. ரெங்கராஜின் கை அதன் பிடியில் போய் உட்கார்ந்தது. ஏழு என்று எண்ணிய வாய் இது. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரிடமும் எண்ணும். முடித்துவிட வேண்டியதுதான். ஆனால் தொப்பி சரியாகட்டும். அது வரைக்கும் ஆள் வேண்டும்.

மரத் தலைகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துவிட்டு செபமாலை உதட்டைப் பிதுக்கினார். "எந்தக் கட்டையிலயும் நெறையலீங்க. ஒங்க தொப்பிதானே? ஈரத்தோட ஒங்க தலையிலயே காயட்டும். காயக் காய வடுவெல்லாம் போயிரும். தொப்பிக்காரரு தலையிலதான் அது போகும்."

"எனக்கு வேண்டாம்."

"அப்ப யாரு தொப்பிங்க இது?"

ரெங்கராஜ் கண்ணாடி முன் உட்கார்ந்தான்.

தொப்பி இறங்கியது. வெதுவெதுப்பாக. தைலப் பிசுக்கோடு. நெற்றிப் பட்டை நெற்றியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அளவு சரியாக இருந்தது. ஆத்மநாதனின் தலை தன் தலையை விடப் பெரியது என்பது அவனுக்குத் தெரியும்.

"ஆடாம இருங்க," என்றார் செபமாலை.

ஈரம் காய ஆரம்பித்தது. கம்பளி சுருங்கியது. இன்னும் சுருங்கியது. கண்ணாடியில், இடது காதுக்கு மேலே இருந்த பள்ளம் மெல்ல எழும்பியது. நிரவியது. சுவடில்லாமல் போனது.

அவன் மண்டைக்குள் சத்தம் கேட்டது. கோயில் வாசலில் தேங்காய் உடைகிற சத்தம்.

வலி பிறகுதான் வந்தது. முட்டிகள் தாமாக மடங்கின. ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் முட்டி போட்டிருந்தான். காதிலிருந்து சூடாக ஒரு கோடு கழுத்துக்கு இறங்கியது. தொப்பி மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

கழற்ற வேண்டும். கையைத் தூக்கினான். தலையைப் பிடித்தான்.

நாலு விரல். நாலு பள்ளம். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. இழுத்தான். வரவில்லை. கம்பளி விரல்களைக் கவ்விக்கொண்டது.

"அப்புடித்தாங்க." செபமாலை முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். "நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கங்க. ஒண்ணு போயிருச்சு. இன்னும் ஆறுதான்."

"தூக்கு..." ரெங்கராஜின் வாயிலிருந்து அதுதான் வந்தது. "தூக்கு... தூக்கு..."

கண்ணாடியில், அவன் விரல்களுக்கு மேலே, இரண்டாவது பள்ளத்தின் ஓரம் எழும்பத் தொடங்கியது.