நடுவில் எலும்பில்லை

மழை... மலையிலிருந்து இறங்கி ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரையே நனைத்த மழை! உடற்கூறு ஆய்வகத்தின் பின்கதவைச் சாத்த ஓடிய டெஸ்ஸா, உள்ளே பாய்ந்து வந்த ஒருவன்மேல் முட்டிக்கொண்டாள். அவன் கையிலிருந்த ஐஸ் பெட்டி அவள் முழங்காலைப் பதம் பார்த்தது.

“கண்ணு எங்கங்க இருக்கு?”

“ரெண்டும் இங்கதாங்க இருக்கு... மழைத்தண்ணி உள்ள போயிடுச்சு.”

நிமிர்ந்து பார்த்தாள். சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள்... இமை நுனியில் துளிகள். இதையெல்லாமா பார்ப்பது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

அவன் லாக்லன், மலையில் வனக்காவலன். பெட்டிக்குள் சாலையில் அடிபட்ட, முள்ளெலி போன்ற எக்கிட்னா.

“இப்பதான் உயிர் போச்சு. வயித்துப் பையத் தடவிப் பாத்துட்டேன், குட்டி இல்ல. இதோட மூளைக்கு இங்க டெஸ்ஸான்னு யாரோ தவம் கெடக்கிறாங்களாமே?”

அந்த யாரோ அவள்தான். முட்டையிடும் பாலூட்டிகளான எக்கிட்னா, பிளாட்டிபஸ் இரண்டின் மூளையையும் ஒப்பிடுவது அவள் ஆராய்ச்சி. கேட்டது வாசல் தேடி வந்தும் பெட்டியைத் தொடத் தயங்கினாள். ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தில் வேறு யாருமில்லை. தாமதித்தால் மூளை கூழாகிவிடும். கிழித்தாலோ... ‘இன்னொன்று கிழிந்தால் உனக்கு இங்கே இடமில்லை’ என்று சொல்லிவிட்டுத்தான் பேராசிரியர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறியிருந்தார்.

போன முறை பிளாட்டிபஸ். அதன் மண்டைக்குள் மூளையின் இரு பாதிக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தடுப்பு உண்டு. அதை மறந்து மேலோட்டைத் தூக்கியதில், தடுப்பு மூளையையும் கிழித்துக்கொண்டு வந்தது.

“கை நடுங்குதே மேடம்... பயமா?”

“எனக்கா? குளிர்! பெட்டிய வச்சிட்டு நீங்க கிளம்பலாம்.”

அவன் முகத்திலடித்தாற்போலக் கதவைச் சாத்தினாள்.

மண்டையைச் சுற்றி அறுக்கும்வரை அந்த வீறாப்பு தாங்கியது. மேலோட்டைத் தூக்கும் நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. எக்கிட்னாவுக்கு நடுவில் எலும்பு கிடையாது என்று எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள்! இருந்தும் அந்த எலும்பு உள்ளே பதுங்கியிருப்பதாகவே தோன்றியது. தனியாக முடியாது... ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

கூரையோரம் தொப்பலாக நின்றிருந்தான் அவன்.

“நீங்க போகலையா?”

“பெட்டி என்னோடதாச்சே...”

அந்தச் சிரிப்பில் அவள் உடைந்தாள். “பயமாத்தான் இருக்கு. தலைய ஆடாம பிடிச்சுக்கிறீங்களா?”

பிடித்துக்கொண்டான். கண்களை மட்டும் இறுக மூடிக்கொண்டான்.

“என்னங்க, வனக்காவலர்தானே நீங்க?”

“ரோட்டுல கெடக்கிறத எடுக்கிறவன்ங்க நான். மண்டையத் திறக்கிறவனா? மயக்கம் வர்றதுக்குள்ள ஏதாவது பேசிட்டே இருங்க!”

“நம்ம மூளைல ரெண்டு பாதியையும் சேக்கிற பெரிய பாலம் ஒண்ணு இருக்கு. இதுக்கு அது கிடையாது.”

“ஐயோ பாவம்... அப்ப ரெண்டும் எப்படிப் பேசிக்கும்?”

“கீழ வேற ஒரு நரம்புக்கட்டு இருக்கு, அது வழியா...”

பேச்சோடு பேச்சாக விரல்கள் நகர்ந்துவிட்டன. மேலோடு கையோடு வந்தது. எதுவும் தடுக்கவில்லை, எதுவும் கிழியவில்லை. பிளாட்டிபஸின் மூளை வழவழவென்றிருக்கும். இதுவோ மடிப்பு மடிப்பாக, முழுசாக... அடியில் பட்டு நசுங்காதபடி நூலில் கட்டிப் பதப்படுத்தும் மருந்து ஜாடிக்குள் தொங்கவிட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவன் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவுப்பக்கம் மெல்ல மெல்ல நடந்தான். திடீரென்று அவள் நெஞ்சு மறுபடி படபடத்தது. முன்னைவிட மோசமாக.

“லாக்லன்... உங்களப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா நீங்க அந்தக் கதவத் திறந்தா... அப்படியே போயிடுவீங்களோன்னு பயமா இருக்கு. சிரிக்காதீங்க. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு.”

அவன் சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்தான்.

“எனக்கும் அதே பயம்தான் டெஸ்ஸா. இல்லேன்னா கதவு வரைக்கும் நடக்க எனக்கு இவ்வளவு நேரமா ஆகும்?”